பீரங்கி நாள் காய்ச்சல்

பையைத் தொப்பென்று போட்டால் வீட்டில் யாருடனோ சண்டை. தோளை விட்டு இறக்காமலே நின்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அழுகை. மெதுவாக வைத்துவிட்டு ஜிப்பைத் திறந்து திறந்து மூடினால் டிபன் டப்பாவில் ஏதோ விசேஷம். யூ.கே.ஜி. 'பி' பிரிவின் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சொர்ணலதா, காலை வேளையில் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. "மூஞ்சிய என்னத்தப் பாக்கறது? அதெல்லாம் வூட்டுலயே கழுவி, பவுடர் போட்டு அனுப்பிச்சர்றாங்க. பையி பொய் சொல்லாதுங்க" என்பார்.

மைசூர் அக்ரஹாரத்தின் உட்தெரு ஒன்றில், பழைய ஓட்டு வீட்டை அப்படி இப்படித் தட்டிச் சேர்த்துப் பள்ளிக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். முன்னறையில் அலுவலகம், நடுவில் முற்றம், பின்கட்டில் சொர்ணலதாவின் ராஜ்ஜியம். இந்தப் பக்கம் கோயில் மணி, அந்தப் பக்கம் ஸ்கூட்டர் ஹாரன். இரண்டுக்கும் மேலே கேட்கிற குரல் அவருடையது. ஆள் குள்ளம். காட்டன் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகினால் பள்ளி விடும்வரை எடுப்பதில்லை. சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கம் கௌதள்ளி. வகுப்பில் பேச்சு பெரும்பாலும் கன்னடம், நடுநடுவே இங்கிலீஷ். ஆனால் ஒரு பிள்ளை தேம்பத் தொடங்கிவிட்டால் "என்ற சாமி, என்னாச்சு?" என்று ஊர்த் தமிழ் தானாக வந்துவிடும். தமிழே தெரியாத பிள்ளைகளுக்கும் அது எப்படியோ புரிந்துவிடுகிறது.

ஐந்து வயதுக்காரர்களின் கோபம் என்றால் ஏதோ செல்லக் கோபம் என்று நினைப்பவர்கள் அந்த அறையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்க்க வேண்டும். தன் பச்சை ரப்பரை அடுத்தவன் மோந்து பார்த்துவிட்டான் என்பதற்காகத் தரையில் புரண்டு உதைப்பார்கள். வாழ்க்கையே முடிந்துவிட்டது என்ற மாதிரி அழுவார்கள். அழாதே, சும்மா இரு, நல்ல பிள்ளை இப்படிச் செய்யுமா என்றெல்லாம் சொர்ணலதா சொல்வதில்லை. எந்த உணர்ச்சி வந்தாலும் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிடுவார்.

கோபத்துக்கு உண்டான வேலை கதவோரம் இருக்கிறது. ஒரு நீல நிற பிளாஸ்டிக் பேசின், அதில் தண்ணீர், தண்ணீரில் ஊறும் ஒரு பழைய துண்டு. கோபக்காரர் வந்து அந்தத் துண்டைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, முற்றத்துக் கொடியில் காயப்போட வேண்டும். "கோபம் கையில இருக்குதுங்க. அதைப் போயி வாயில தேடுனா கிடைக்குமா?" பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கும் பிள்ளை, கொடி எட்டாமல் எம்பி எம்பிக் குதிக்கும்போது பாதிக் கோபத்தை மறந்துவிடும். சட்டை நனைந்துவிட்ட சந்தோஷத்தில் மீதியும் போய்விடும். சாயங்காலம் ஈரச் சட்டையைப் பார்த்து அம்மாமார்களுக்குத்தான் கோபம் வரும். "வாங்க, நீங்களும் ஒருக்காப் பிழிஞ்சுட்டுப் போங்க" என்பார். சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை, துண்டை எடுத்து நீட்டியே விடுவார்.

அம்மா வேண்டும் என்று அழுகிறவர்களுக்கு வேறு உத்தியோகம். சொர்ணலதாவின் கைப்பையை மடியில் வைத்துக் காவல் காக்க வேண்டும். உள்ளே ஸ்கூட்டி சாவி, தலைவலித் தைலம், பெப்பர்மின்ட், ஊக்குகள். "மிஸ்ஸோட பை. உன்னைய நம்பித்தான் குடுத்துருக்கறேன்" என்று ரகசியக் குரலில் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். ஜூன் மாதத்தில் அந்தப் பைக்கு ஓய்வே இருக்காது. மடி மாறி மடி மாறி, காதறுந்து, மறுபடி தைக்கப்பட்டு, இப்போது அதைக் கடைவீதிக்கு எடுத்துப்போக அவருக்கே கொஞ்சம் வெட்கம்.

பயத்துக்கு என்ன செய்வது என்பது கொஞ்ச நாள் பிடிபடாமல்தான் இருந்தது. அப்போது பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சி நடத்த வந்தார்கள். முகப் படங்கள் ஒட்டிய அட்டை ஒன்று கொடுத்தார்கள். மூச்சை ஆழமாக இழுத்து விடப் பழக்குங்கள் என்று சொன்னார்கள். சொர்ணலதாவுக்கு இரண்டும் பிடித்துப்போயின. மறுநாளே வகுப்பில் செய்துபார்த்தார். பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள், விடுவதற்கு மறந்துபோனார்கள். கன்னம் உப்பி, முகம் சிவந்து, யார் அதிக நேரம் தாக்குப்பிடிப்பது என்று போட்டியாகிவிட்டது. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு வந்து நின்றார். "என்ற கையில இப்ப என்ன இருக்குது தெரியுமா? அடுப்புல இருந்து எடுத்த ராகி முத்தெ. சூடு! ஊதுங்க, ஊதுங்க!" கேழ்வரகுக் களியைக் கண்டிராத பிள்ளை மைசூரில் ஏது? முப்பது வாய்களும் குவிந்து ஊதின. அன்றிலிருந்து யாருக்குப் பயம் வந்தாலும் கையில் முத்தெ வந்துவிடும். அது ஆறும்வரை ஊத வேண்டும். பயிற்சிக்கு வந்தவர்கள் அடுத்த முறை இதைப் பார்த்துவிட்டு வீடியோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெருமையை சொர்ணலதா இன்னும் சொல்லி முடித்தபாடில்லை.

இவ்வளவு பொறுமைசாலியை வகுப்புக்கு வெளியே பார்த்தால் அடையாளம் தெரியாது. தக்காளியை அழுத்திப் பார்க்கக் கூடாது என்ற கடைக்காரரோடு சண்டை, தவறான பக்கத்தில் வந்த ஆட்டோக்காரரோடு சண்டை, வண்டி கிளம்பாவிட்டால் ஸ்கூட்டியோடும் சண்டை. நகரப் பேருந்தில் நடத்துநராக இருக்கும் கணவர் சேகரன் மட்டும் எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை. "பள்ளிக்கூடத்துல வெச்சிருக்கற மாதிரி வூட்டுலயும் ஒரு துண்டு வெச்சுக்கலாமில்ல?" என்று ஒருமுறை கேட்டார். அதற்கு இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு மேஜையில் இருந்தது, பேச்சு இல்லை.

இன்னொரு விஷயம் உண்டு. அதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வருஷத்தில் ஒரு குறிப்பிட்ட சமயத்தில் சொர்ணலதாவுக்குக் காய்ச்சல் வரும். தசராவுக்குச் சில வாரங்கள் முன்னால், ஊர்வலத்தில் வரப்போகும் யானைகளும் குதிரைகளும் சத்தத்துக்கு மிரளாமல் இருக்க வேண்டும் என்று, அவற்றை நிறுத்திவைத்துப் பக்கத்தில் பீரங்கி வெடித்துப் பழக்குவார்கள். சத்தம் அக்ரஹாரத்து ஓடுகளை உலுக்கும். எந்தெந்த நாள் என்று பத்திரிகையில் முன்கூட்டியே வந்துவிடும். பத்திரிகையில் வந்த அன்றைக்கே சொர்ணலதாவுக்கு உடம்பு லேசாகக் கதகதப்பதாகத் தோன்றும். பீரங்கி நாளன்று படுக்கை.

கௌதள்ளியில் காட்டை ஒட்டிய சோளக்கொல்லைகளில் யானை இறங்கினால் விரட்டுவதற்கு வெடி போடுவார்கள். அந்தச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்த சிறுமி இன்னும் சொர்ணலதாவுக்குள் அப்படியேதான் கிடக்கிறாள். அங்கே யானையை ஓட்ட வெடி, இங்கே யானையைப் பழக்க வெடி. யானைகூடப் பழகிவிட்டது, சொர்ணலதா பழகவில்லை. தீபாவளிக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமையலறையில் சுட்டதையே சுட்டுக்கொண்டிருப்பார். இது சேகரனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்பது சொர்ணலதாவின் நம்பிக்கை.

இந்த வருஷம் அந்தக் காய்ச்சலுக்குக் குறுக்கே உமேஷ் வந்தான்.

உமேஷைப் பள்ளியில் சேர்த்துவிட்டதே சொர்ணலதாதான். அவனுடைய அம்மா மாரியம்மா கௌதள்ளிக்காரி. அப்பா லிங்கப்பன் குண்டலுபேட்டைப் பக்கம் ஒரு கல்குவாரியில் இருந்துவிட்டு, போன வருஷம் மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். மாரியம்மாவும் அதே கட்டடத்தில் சித்தாள். "எங்க ஊர்ப் பொண்ணு மேடம். பையனுக்கு நான் பொறுப்பு" என்று தலைமை ஆசிரியை நிர்மலாவிடம் சொல்லிப் பாதிக் கட்டணத்தில் இடம் வாங்கினார். உமேஷ் பையை மெதுவாக வைப்பான், சொன்ன இடத்தில் உட்காருவான், கேட்டதற்குத் தலையாட்டுவான். அழுததே இல்லை. பதினைந்து நாள் கழித்துப் பக்கத்தில் நின்ற பையனின் கையைக் கடித்தான்.

சொர்ணலதா அசரவில்லை. கடிக்கிற பிள்ளை அவருக்குப் புதிதா என்ன? கோபம் என்று முடிவுகட்டி, பேசினைக் காட்டினார். உமேஷ் துண்டை அப்படி ஒரு பிழி பிழிந்தான், வண்ணான்துறையில் நின்றவன்போல. "பாத்தீங்களா, எத்தனை கோபம் உள்ள இருந்துருக்குது!" என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்லிப் பூரித்துப்போனார். அடுத்த வாரம் இன்னொரு பையனைக் கடித்தான். மறுபடி துண்டு. அதற்கும் அடுத்த வாரம், முற்றத்தில் டிரில் வரிசையில் அஷ்வினி என்ற சிறுமியின் தோளில், சட்டைக்கு மேலேயே பல் பதியக் கடித்துவிட்டான்.

அஷ்வினியின் அப்பா முரளிதரன் மறுநாள் காலையில் அலுவலகத்தில் நின்றார். சத்தம் போடவில்லை. மகளின் தோளைக் காட்டினார். "நான் இவளை அடிச்சதுகூட இல்லை மேடம். இங்க அனுப்பிட்டு நான் எப்படி ஆபீஸ்ல உக்காந்து வேலை பார்க்கிறது?" என்று கேட்டார். அவர் போன பிறகு நிர்மலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழில் பாதி கன்னடம்.

"சொர்ணா, நீங்க சொன்னீங்கன்னு சேர்த்தேன், ஹௌதா இல்லையா? இனிமே ஒரே ஒரு தடவை கடிச்சான்னா டி.சி. குடுத்துருவேன். எனக்கும் மனசு கஷ்டம்தான். ஆனா அந்த அப்பாவுக்கு நான் என்ன சொல்றது?"

அன்று சொர்ணலதா பேசினைப் பார்த்தபோது அது வெறும் பேசினாகத்தான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் துண்டு தோற்றது இதுதான் முதல் தடவை. டி.சி. வாங்கினால் உமேஷ் எங்கே போவான் என்று அவருக்குத் தெரியும். வருஷத்தின் நடுவில் எந்தப் பள்ளியும் எடுக்காது. கட்டடத்தின் மணல் குவியல்தான் வகுப்பு, கம்பியும் ஆணியும்தான் விளையாட்டுச் சாமான். சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கட்டடத்துக்கே போனார்.

மாரியம்மா தலையில் சும்மாடோடு இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சும்மாட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வூட்டுல அவன் எறும்பைக்கூட நசுக்க மாட்டானுங்க!"

"அது எனக்கும் தெரியுதம்மிணி. எப்பக் கடிக்கறான்? அதைச் சொல்லு. குவாரில இருந்தப்பக் கடிச்சிருக்கறானா?"

மாரியம்மா யோசித்தாள். "வெடி வெக்கறப்ப என்னையக் கடிப்பானுங்க. விசிலு ஊதுவாங்கல்ல, அப்ப."

"என்ன விசிலு?"

"குவாரில வெடி வெக்கறதுக்கு முன்னால விசிலு ஊதுவாங்கக்கா. ஊதுனா அல்லாரும் ஓடி ஒதுங்கோணும். நான் இவனைய வாரி எடுத்து, தலைய வவுத்தோட வெச்சு அமுக்கிக்குவனுங்க. கல்லு பறக்குமில்லீங்களா? அப்பத் திமிறுவான், கடிப்பான். நான் வுட மாட்டன். வுட்டா ஓடிருவானே!"

சொர்ணலதா அங்கே கிடந்த செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்று தடவையும் டிரில் நேரம். மூன்று தடவையும் டிரில் மாஸ்டர் காளியப்பனின் விசில். விசில் கேட்டதும் பிள்ளைகள் வரிசைக்கு ஓடி, முன்னால் நிற்பவனைப் பின்னால் நிற்பவன் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைக்கு விசில் என்றால் அடுத்தது வெடி. எவனோ பிடித்தால் அது அமுக்கு. இதைப் போய்க் கோபம் என்று நினைத்து அவனைத் துண்டு பிழிய வைத்தோமே என்று நொந்துபோனார். உடம்பெல்லாம் பயத்தில் விறைத்த குழந்தை துண்டைப் பிழியாமல் என்ன செய்யும்?

மறுநாள் நிர்மலாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, காளியப்பன் மாஸ்டரிடம் விசிலை நிறுத்தச் சொன்னார். விசில் அவர் கழுத்தில் தாலிபோலத் தொங்குவது. "விசில் இல்லாத டிரில்லா? நாளைக்கு உப்பில்லாம சாம்பார் வைக்கச் சொல்லுவீங்க" என்று முணுமுணுத்தார். பிறகு உமேஷைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துவிட்டு, விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கைதட்டினார். அதன் பிறகு உமேஷ் யாரையும் கடிக்கவில்லை. ஆனால் ராகி முத்தெயையும் ஊதவில்லை. எல்லாரும் ஊதும்போது அவன் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றான். "நம்ம மேல இன்னும் நம்பிக்கை வரலீங்க. வரும்" என்றார் சொர்ணலதா. தன் மேல் அவருக்கு நம்பிக்கை திரும்பிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பீரங்கிப் பயிற்சி நாள் பத்திரிகையில் வந்தது.

நிர்மலா கூப்பிட்டு அனுப்பினார். "அன்னைக்கு உமேஷை லீவு போடச் சொல்லிருங்க சொர்ணா. ரிஸ்க் பேடா, வேண்டாம். சத்தம் இல்லாத நாள்ல வரட்டும்."

யோசனை நல்ல யோசனைதான். சொர்ணலதா சரி என்று தலையாட்டப் போனவர் நடுவில் நின்றுவிட்டார். லீவு போட்டால் பிள்ளை எங்கே இருப்பான்? வேலைக்குப் போகாமல் மாரியம்மாவால் முடியாது. தகரக் கொட்டகையில் தனியாகத்தான் கிடப்பான். அந்தச் சத்தம் கொட்டகைக்கும் வரும். கட்டிலுக்கு அடியில் கிடந்த சிறுமி அவருக்கு நினைவு வந்தாள். சத்தம் இல்லாத நாளாகப் பார்த்து வருவது அவர் வருஷா வருஷம் செய்கிற காரியம் அல்லவா? அதனால் அவருடைய பயம் குறைந்ததா? இம்மியும் குறையவில்லை.

"அவன் வரட்டுங்க மேடம். நான் பாத்துக்கறேன்."

"நீங்களா? அன்னைக்கு உங்களுக்கு..." என்று தொடங்கிய நிர்மலா, பாதியில் நிறுத்தி, மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"எனக்கு என்னங்க? நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார் சொர்ணலதா. வீட்டில் அன்று சேகரன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடே இல்லையே!" என்றார்.

பீரங்கி நாளன்று சொர்ணலதா எல்லா ஏற்பாட்டோடும் வந்தார். ஜன்னல்களைச் சாத்தினார். பிள்ளைகளை வட்டமாகத் தரையில் உட்கார வைத்து, யானைக் கதை சொன்னார். "இன்னைக்கு யானைங்களுக்கும் கிளாஸு. டமார்னு சத்தம் கேக்கும். அது யானைக்குப் பாடம், நமக்கு இல்ல. சத்தம் வந்ததும் நாம என்ன பண்ணோணும்?" எல்லாரும் கையைக் குழித்துக் காட்டினார்கள். உமேஷ் தன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று வலப்பக்கம் உட்கார வைத்துக்கொண்டார். மறுபக்கம் அஷ்வினி. உமேஷிடம் மட்டும் காதோடு சொன்னார்: "யாரும் உன்னையப் புடிக்க மாட்டாங்க சாமி. மிஸ்ஸு பாத்துக்குவேன்."

முதல் வெடி வந்தபோது சொர்ணலதா யானையின் காதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடு அதிர்ந்தது. கொடியில் இருந்த காக்கைகள் கத்திக்கொண்டு பறந்தன. முத்தெ, ஊதுதல், பயிற்சி, வீடியோ எல்லாம் சொர்ணலதாவின் தலையிலிருந்து ஒரே நொடியில் அழிந்துபோயின. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைக்குக் கிடைத்ததை வாரி எடுத்து நெஞ்சோடு அமுக்கிக்கொண்டார். கைக்குக் கிடைத்தது உமேஷ்.

அவன் திமிறினான். அவர் விடவில்லை. அவன் கடித்தான்.

வலியில் கண்ணைத் திறந்தபோதுதான் தான் செய்திருப்பது அவருக்குப் புரிந்தது. கையைத் தளர்த்தினார். உமேஷ் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டான். சொர்ணலதாவின் இடது முன்கையில் சின்னப் பற்கள் வரிசையாகப் பதிந்து சிவந்திருந்தன. வட்டத்தில் இருந்த பிள்ளைகள் குழித்த கையோடு அப்படியே அவரையே பார்த்தார்கள். "மிஸ்ஸும் பயந்துட்டாங்க" என்று ஒரு குரல் கேட்டது. அஷ்வினி தன் தோளைத் தானே தடவிக்கொண்டாள்.

கதவு திறந்தது. வகுப்பு வகுப்பாகப் பார்த்துக்கொண்டு வந்த நிர்மலா, சுவரோரம் நின்ற உமேஷைப் பார்த்ததும் நின்றார்.

"என்னாச்சு? யாரையாவது கடிச்சானா?"

இடுப்பில் செருகிய முந்தானையை சொர்ணலதாவின் வலது கை பட்டென்று உருவியது. பள்ளி விடுவதற்கு முன்னால் அதை அவர் எடுத்து யாரும் பார்த்ததில்லை. முந்தானை இடது கையை மூடிவிட்டது. இல்லை மேடம் என்று ஒரு வார்த்தை போதும். பிள்ளைகள் சொல்லிவிடுவார்களா? அவர் சொல்வதுதான் அவர்களுக்கு வேதம், சொல்ல மாட்டார்கள். உமேஷ் அவருடைய முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தான். பயத்தை எப்படி மூடி வைப்பது என்று மிஸ் இப்போது சொல்லிக்கொடுக்கப் போகிறார். அவன் கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தான்.

சொர்ணலதா முந்தானையை விலக்கிக் கையை நீட்டினார்.

"கடிச்சானுங்க மேடம். என்னையத்தான். ஆனா தப்பு அவன் மேல இல்ல. யாரும் உன்னையப் புடிக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டு, நானே புடிச்சு அமுக்கிட்டேன்."

"நீங்க எதுக்கு அமுக்கினீங்க?"

"பயத்துலங்க. எனக்கு வெடின்னா பயமுங்க மேடம். சின்னதுல இருந்தே பயம். இன்னும் போகல."

நிர்மலா நீட்டிய கையைப் பார்த்தார், பல் தடத்தைப் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷக் காய்ச்சல்?"

"இதுதானுங்க அந்தக் காய்ச்சல்."

நிர்மலாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்து, முடியாமல் கண்ணாடியைக் கழற்றினார். "இது எங்க எல்லாருக்கும் தெரியும் சொர்ணா. நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம்." பிறகு சுவரோரம் நின்றவனைப் பார்த்தார். "டி.சி. எல்லாம் பேடா. பையன் இங்கேயே இருக்கட்டும். அஷ்வினி அப்பாகிட்ட விசில் கதையை நானே சொல்றேன். பொண்ணைப் பெத்தவர், புரிஞ்சுக்குவார்." போகப் போனவர் போகாமல், செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்தில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்துப் பிள்ளை அவர் கையையும் குழித்துவிட்டது.

சொர்ணலதா உமேஷைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவான் என்று தெரியும். அப்படி வர வேண்டாம் என்று விட்டுவிட்டார். பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "மிஸ்ஸுக்குப் பயமா இருக்குது. இன்னொரு வெடி வரும். அதுக்கும் பயமாத்தான் இருக்கும். ஆனா நான் எந்திரிச்சு ஓட மாட்டேன். இங்கயேதான் இருப்பேன்." சொன்னதும் உடம்பு லேசானது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இடது கையை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டார். யாரையும் பிடிக்காமல், விரல்களை விரித்து வைத்துக்கொண்டார்.

சுவரை விட்டு உமேஷ் மெதுவாக நகர்ந்து வந்தான். அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் பல் தடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் அவருடைய முன்கைக்கு அடியில் கொடுத்து, சூடான எதையோ ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டான். உதட்டைக் குவித்தான்.

அடுத்த பீரங்கி வெடித்தது. ஓடு அதிர்ந்தது, சொர்ணலதாவின் தோள் தூக்கிப்போட்டது, அவன் தோளும் தூக்கிப்போட்டது. உமேஷ் நிமிரவில்லை. அந்தச் சிவந்த தடத்தின் மேல் ஊதிக்கொண்டே இருந்தான்.